"உயிரோடு இருந்தால் வந்திருப்பார்தானே?": ஒரு கேள்விக்குள் இருக்கும் தர்க்கம்

"அம்மா, மகன் உயிரோட இருந்தா இவ்வளவு காலத்துக்குள்ள ஒரு கோலாவது எடுத்திருப்பார்தானே?"

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளில் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது எதிர்கொள்ளாதவர்கள் மிகக் குறைவு. விசாரணை மேசையில் அதிகாரி கேட்டிருப்பார். கோயிலடியில் ஊரவர் கேட்டிருப்பார். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த சொந்தக்காரர் கேட்டிருப்பார். அக்கறையோடு கேட்டவர்களும் உண்டு, கோப்பை மூடிவிடும் அவசரத்தில் கேட்டவர்களும் உண்டு. அம்மா பெரும்பாலும் அழுவார். அல்லது "இல்லை, என்ர பிள்ளை இருக்கிறான்" என்று மட்டும் சொல்வார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு, கேட்டவர் அறிவோடு கதைப்பது போலவும் அம்மா உணர்ச்சியில் கதைப்பது போலவும் தோன்றும்.

அது உண்மைதானா என்று ஆறுதலாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்க்கப்போனால், தர்க்கத்தில் ஓட்டை இருப்பது கேள்வி கேட்டவரின் பக்கத்தில்தான்.

போருக்குப் பிந்திய எங்கள் வாழ்க்கை இப்படியான வசனங்களால் நிறைந்திருக்கிறது. உறுதி இருந்தால் காணி. பட்டியலில் பெயர் இருந்தால் உதவி. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுடைமை. 'இருந்தால்', 'கோராவிட்டால்' என்று ஒரு சொல்லின் கடைசி எழுத்துகளில்தான் நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதைச் சரியாக வாசிக்காவிட்டால், அந்த வசனம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நம்பி, எங்களுக்குரியதை நாங்களே விட்டுக்கொடுத்துவிடுவோம்.

மழையும் முற்றமும்

எளிய வசனம் ஒன்றை எடுப்போம்: "மழை பெய்தால் முற்றம் நனையும்." இதில் இரண்டு பாதிகள் உள்ளன. மழை பெய்வது நிபந்தனை. முற்றம் நனைவது விளைவு. இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் நான்கு விதமாக முடிவெடுக்கிறார்கள்.

முதலாவது: மழை பெய்தது, ஆகவே முற்றம் நனைந்தது. இது சரி.

இரண்டாவது: முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை. இதுவும் சரி. பெய்திருந்தால் நனைந்திருக்குமே.

மூன்றாவது: முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இது பிழை. விடியற்காலையில் யாரோ தண்ணீர் தெளித்திருக்கலாம்.

நான்காவது: மழை பெய்யவில்லை, ஆகவே முற்றம் நனையவில்லை. இதுவும் அதே காரணத்தால் பிழை.

நிபந்தனை நடந்தது தெரிந்தால் விளைவை நோக்கி முன்னே போகலாம். விளைவு நடக்கவில்லை என்று தெரிந்தால் நிபந்தனையை நோக்கிப் பின்னே வரலாம். இந்த இரண்டு வழிகள் மட்டுமே திறந்தவை. மற்ற இரண்டும் வழி போலத் தெரியும், ஆனால் முடிவுக்குக் கொண்டுபோகாது.

இது மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று எண்ண வேண்டாம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது பற்றி மணிமேகலை விரிவாகவே பேசுகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்கிறோம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதே அதன் பொருள். நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று அது சொல்லவில்லை. அப்படியில்லை என்பதைக் காட்ட எங்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. புகை இல்லை, ஆனால் உள்ளே தணல் கிடக்கிறது.

இன்னொரு விடயமும் உண்டு. வழி சரியாக இருந்தால் மட்டும் போதாது, புறப்படும் வசனமும் உண்மையாக இருக்க வேண்டும். முற்றத்துக்கு மேலே தறப்பாள் கட்டியிருந்தால், மழை பெய்தாலும் முற்றம் நனையாது. அப்போது "மழை பெய்தால் முற்றம் நனையும்" என்ற வசனமே அந்த வீட்டுக்குப் பொருந்தாது. அதிலிருந்து எவ்வளவு ஒழுங்காக முடிவெடுத்தாலும் அந்த முடிவை நம்ப முடியாது.

ஆகவே யாராவது ஒரு 'ஆல்' வசனத்தை வைத்து முடிவொன்றைச் சொன்னால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். போன வழி திறந்த வழியா? புறப்பட்ட வசனம் உண்மையா?

மூன்று வரிகள்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அதை மூன்று வரிகளாக எழுதினால் இப்படி இருக்கும்:

உயிரோடு இருந்தால் தொடர்பு கொண்டிருப்பார்.
தொடர்பு கொள்ளவில்லை.
ஆகவே உயிரோடு இல்லை.

இது இரண்டாவது வழி. முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை என்பது போன்றது. வழியில் பிழை இல்லை. கேட்பவருக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். காதுக்குச் சரியாகப்படுகிறது.

பிழை முதல் வரியில் இருக்கிறது. உயிரோடு இருக்கும் எல்லோரும் தொடர்பு கொள்வார்களா? தொலைபேசி இல்லாத, கடிதம் அனுப்ப முடியாத, யார் என்று வெளியே சொல்லப்படாத ஓர் இடத்தில் அடைக்கப்பட்டிருப்பவர் எப்படித் தொடர்பு கொள்வார்? முற்றத்துக்கு மேலே தறப்பாள் இருக்கிறதா என்று பார்க்காமலேயே மழை பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வரியை உண்மையாக்க வேண்டுமானால் இப்படித்தான் எழுத வேண்டும்: "உயிரோடும் இருந்து, தொடர்பு கொள்ளக்கூடிய நிலையிலும் இருந்தால், தொடர்பு கொண்டிருப்பார்." இப்போது நிபந்தனைக்குள் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. விளைவு நடக்கவில்லை என்பதிலிருந்து பின்னே வந்தால், இரண்டில் ஒன்றாவது இல்லை என்பது மட்டுமே தெரியவரும். எது இல்லை என்பது தெரியவராது.

விளக்கை நினைத்துப் பாருங்கள். எண்ணெயும் திரியும் இருந்து பற்றவைத்தால் விளக்கு எரியும். பற்றவைத்தும் எரியவில்லை என்றால் எண்ணெய் முடிந்திருக்கலாம், திரி இல்லாமல் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். பார்க்காமலேயே எண்ணெய் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது ஊகம்.

ஆகவே சரியான முடிவு இது: "அவர் உயிரோடு இல்லை, அல்லது தொடர்பு கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார்." மகன் எங்கேயோ வைக்கப்பட்டிருக்கிறான் என்று சொல்லும் அம்மா, இந்த 'அல்லது'வின் இரண்டாவது பாதியைக் கைவிட மறுக்கிறார். அதைக் கைவிடுவதற்கு வேண்டிய சான்று எதையும் அவருக்கு யாரும் காட்டவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்தத் தர்க்கம் மகன் உயிரோடு இருக்கிறான் என்றும் நிரூபிக்கவில்லை. முதல் பாதியும் திறந்தே கிடக்கிறது. எந்தப் பாதி உண்மை என்பதை இருந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. விசாரித்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

இதே வசனம் எங்கள் சட்டத்திலும் இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புகளைப் பதிவு செய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, பயங்கரவாத நடவடிக்கை, உள்நாட்டுக் குழப்பம் போன்றவற்றால் காணாமற்போன ஒருவரைப் பற்றி, அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஓராண்டுக்கு மேல் எதுவும் கேள்விப்படாவிட்டால், அவருடைய இறப்பைப் பதிவு செய்யக் கேட்கலாம். சொத்து, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று முடங்கிப்போன அலுவல்களை நகர்த்துவதற்கு இப்படியொரு ஏற்பாடு சில குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் 'இயல்பாகவே' என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான் முழுப் பாரமும் இருக்கிறது. தொழிலுக்காக வெளியூர் போய்க் கடிதம் போடுவதை நிறுத்திவிட்ட ஒருவருக்கு அந்தச் சொல் பொருந்தலாம். 2009 மே மாதம் வட்டுவாகலில் குடும்பத்தவரின் கண்முன்னே இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஒருவருக்கு எது இயல்பு? சட்டம் அனுமதிப்பது ஓர் அனுமானத்தை. அந்த அனுமானம் இறப்புக்கான சான்று ஆகிவிடாது.

இரண்டு பாதையும் ஒரே வாசலுக்கு

2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐக்கிய நாடுகளின் கொழும்புப் பிரதிநிதியிடம் தெரிவித்த செய்தி வெளியானது. தேவையான விசாரணைகளின் பின்னர் இறப்புச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. அப்பேச்சுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒரு வசனம் இருக்கிறது: "இறந்துவிட்டார்கள் என்றால் கேள்வி முடிந்தது."

அந்த வசனம் உண்மையா?

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது சைக்கிளைப் பாதுகாப்பு நிலையத்தில் விட்டுத் துண்டு வாங்குகிறோம். திரும்பி வந்து கேட்கும்போது, "அது இப்ப உடைஞ்சு போயிருக்கும், வீட்டை போங்கோ" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? சைக்கிள் இருந்தால் தர வேண்டும். இல்லை என்றால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். உடைந்தது உண்மையாக இருந்தாலும் அவருடைய பொறுப்பு அதனால் தீராது. எப்படி உடைந்தது, யார் உடைத்தது என்ற கேள்விகள் அப்போதுதான் தொடங்குகின்றன. சைக்கிளுக்கே இந்த நியாயம் உண்டென்றால் பிள்ளைக்கு இல்லையா?

இதை வரிவரியாக எழுதினால் இப்படி வரும்:

உயிரோடு இருந்தால், எங்கே என்று பொறுப்பெடுத்தவர் சொல்ல வேண்டும்.
உயிரோடு இல்லாவிட்டால், எப்போது, எப்படி, யாரால், உடல் எங்கே என்று பொறுப்பெடுத்தவர் சொல்ல வேண்டும்.
இந்த இரண்டில் ஒன்று உண்மை.
ஆகவே எப்படியிருந்தாலும் பொறுப்பெடுத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

இது திறந்த வழி. முதல் இரண்டு வரிகளை ஏற்றுக்கொண்ட ஒருவரால் முடிவை மறுக்க முடியாது. இறந்துவிட்டார்கள் என்று சொல்பவர் இரண்டாவது வரியைத் தெரிந்தெடுக்கிறார், அவ்வளவுதான். அந்த வரியும் அதே வாசலுக்குத்தான் கொண்டுபோகிறது.

முதல் இரண்டு வரிகளும் வெறும் நியாய உணர்விலிருந்து வந்தவையும் அல்ல. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016 மே மாதம் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதை உள்நாட்டுச் சட்டமாக்கியது. சமவாயத்தின் வரைவிலக்கணத்தில் இருக்கும் நிபந்தனைகள் இவை: அரச தரப்பினர் அல்லது அரசின் அனுமதியோடு செயற்படுபவர்கள் ஒருவரைக் கைது செய்வது, தடுத்துவைப்பது அல்லது கடத்துவது, அதன்பின் அதை மறுப்பது அல்லது அவருக்கு நடந்ததை, அவர் இருக்கும் இடத்தை மறைப்பது, அதனால் அவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படுவது. ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்றாக இல்லை. ஆகவே "இறந்துவிட்டார்" என்பதிலிருந்து "காணாமல் ஆக்கப்படவில்லை" என்ற முடிவு எந்த வழியாலும் வராது. உண்மையை அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்பதையும் அதே சமவாயம் சொல்கிறது.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது "எங்கே?" என்ற கேள்விதான். மேலே உள்ள நான்கு வரிகளையும் ஒரு சொல்லில் அடக்கினால் அந்தக் கேள்வியே வரும்.

பட்டியலும் சான்றிதழும்

அடுத்து நான்காவது வழி, அதாவது நிபந்தனை நடக்கவில்லை என்பதிலிருந்து விளைவும் இல்லை என்று முடிவெடுப்பது. அலுவலகங்களில் அதிகம் அகப்படுவது இந்தப் பிழைதான்.

"ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் அவர் காணாமற்போனவராகக் கணக்கெடுக்கப்படுவார்" என்பது ஒரு வசனம். இதிலிருந்து, "உங்கட பேர் இந்தப் பட்டியல்ல இல்லை, அப்ப அவர் காணாமற்போகேல்லை" என்று முடிவெடுக்க முடியாது. பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் அலுவலகம் என்று எங்கள் சனம் படியேறாத இடமில்லை. ஒரு படியில் பதிந்தவர் இன்னொரு படியில் பதியாமல் இருக்கலாம். பதிவு செய்வதற்கு ஒருவர்கூட எஞ்சாத குடும்பங்களும் முள்ளிவாய்க்காலில் இருந்தன. பட்டியலில் பெயர் இருப்பது ஒரு விடயத்தைக் காட்டும். இல்லாமை எதையும் காட்டாது.

எங்கள் பக்கத்திலும் இப்படியான பிழைகள் நடக்கின்றன. "சான்றிதழ் வாங்கினால் செத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும்" என்ற பேச்சு ஊர்களில் பரவலாக உண்டு. எந்தச் சான்றிதழ் என்று கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழைப் பற்றி அப்படிச் சொன்னால் அதில் பொருள் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த காணாமற்போனமைக்கான சான்றிதழ் வேறானது. ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் அது பதிவு செய்கிறது. இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. சமூக நல உதவிகளுக்கு விண்ணப்பிப்பது, காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பது போன்ற அலுவல்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். ஒரு தாளைப் பற்றி உண்மையான வசனத்தை இன்னொரு தாளுக்கு மாற்றிப் போட்டால் முடிவு பிழைக்கும்.

வாங்குவதா விடுவதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. அரசின்மேல் நம்பிக்கை இல்லாததற்கு அவர்களிடம் காரணங்கள் இருக்கின்றன, அவற்றை இங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுப்பவரும் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

இதே அவதானம் அரசுக்கும் வேண்டும். 2022 இல் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கான கொடுப்பனவு 2 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. "அநீதி நடந்திருந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும்" என்பது சரி. "இழப்பீடு கொடுத்தாயிற்று, ஆகவே விடயம் முடிந்தது" என்பது அந்த வசனத்திலிருந்து வராது. உண்மையும் நீதியும் தனித்தனிக் கடன்கள். ஒரு கடனைக் கட்டினால் மற்றக் கடன்கள் அழிந்துபோகா.

காணி: உறுதி இல்லாவிட்டால்?

2025 மார்ச் 28 ஆம் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானி பலருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் மொத்தமாக 5,941 ஏக்கர் காணி தொடர்பில், மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப்படாவிட்டால் அது அரச காணியாக்கப்படலாம் என்ற அறிவித்தல் அது. கடும் எதிர்ப்பின் பின்னர் ஜூன் மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. ஆனால் இப்படியான அறிவித்தலை எப்படி வாசிப்பது என்பது இனியும் தேவைப்படும்.

"உரிமை கோராவிட்டால் காணி போகும்" என்ற வசனத்தை வாசித்த பலர், "உரிமை கோரினால் காணி கிடைக்கும்" என்று விளங்கிக்கொண்டார்கள். அது நான்காவது வழி. வசனம் அப்படிச் சொல்லவில்லை. கோரியபின் நிரூபிக்க வேண்டும். படிவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதும் என்று எண்ணியவர், அறிவித்தல் நடைமுறையில் தொடர்ந்திருந்தால் ஏமாந்திருப்பார்.

இன்னொன்று: "உறுதி இருந்தால் காணி உங்களுடையது" என்பதிலிருந்து, "உறுதி இல்லை, ஆகவே காணி உங்களுடையதல்ல" என்பது. இதுவும் நான்காவது வழிதான். உறுதி கையில் இல்லாதது ஒரு விடயம், உரிமை இல்லாதது வேறு விடயம். 1990, 1995, சுனாமி, 2009 என்று ஒவ்வொரு இடப்பெயர்விலும் ட்ரங்குப் பெட்டிகளோடு உறுதிகளும் போயின. ஆனால் நொத்தாரிசு உறுதி எழுதும்போது அதன் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. கையில் இருந்த தாள் எரிந்தாலும் பதிவகத்தில் தேடலாம்.

உறுதி இல்லாமலேயே உரிமை வரும் வழியும் சட்டத்தில் உண்டு. ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, தனியார் காணி ஒன்றைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, தொடர்ச்சியாக, உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதாகவே ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். அரச காணிக்கு எதிராக இது செல்லாது. இங்கே நிபந்தனைகள் பல. அத்தனையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது உங்கள் காணியில் குடியேறியவர், "பத்து வருசமாச்சு, இனி என்ரதான்" என்று சொன்னால் உடனே தலை குனிய வேண்டாம். பத்து ஆண்டு ஒரு நிபந்தனை மட்டுமே. மற்றவையும் பொருந்தினவா என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள்.

புதைகுழிகள்: எங்களுக்கும் கசக்கும் தர்க்கம்

தர்க்கம் எங்களுக்குப் பிடித்த முடிவுகளை மட்டும் தருவதில்லை. 2018 இல் மன்னாரில் சதொச கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 300 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அமெரிக்காவின் மயாமியிலுள்ள ஆய்வுகூடத்துக்கு மாதிரிகள் போயின. அவை 1499 இற்கும் 1719 இற்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. உறவுகளைத் தேடியவர்களுக்கு அது பேரிடி.

போர்க்காலத்தவரின் எலும்பாக இருந்தால் அண்மைக் காலத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லை. ஆகவே அந்த மாதிரிகள் போர்க்காலத்தவை அல்ல. இது இரண்டாவது வழி, திறந்த வழி. பரிசோதனை சரியென்றால் முடிவையும் ஏற்கத்தான் வேண்டும். மறுப்பவர் பரிசோதனையைக் கேள்வி கேட்க வேண்டும், அல்லது சில மாதிரிகள் குழி முழுவதற்கும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். "எங்கட மனசு சொல்லுது" என்பது போதாது.

அதேவேளை, "மன்னார்க் குழி பழையது, ஆகவே வடக்கின் குழிகளெல்லாம் பழையவை" என்ற முடிவு எந்த வழியாலும் வராது. செம்மணி பற்றி இராணுவச் சிப்பாய் ஒருவர் 1998 இல் நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999 இல் அங்கே 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025 இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 200 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றோடு பிள்ளை ஒன்றின் பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. பல நூற்றாண்டுகள் பழமையான புதைப்பாக இருந்தால் இந்தக் காலத்துப் பாடசாலைப் பை அதில் இருக்காது. இருக்கிறது. ஆகவே அந்தப் புதைப்புப் பழமையானதல்ல. அதே இரண்டாவது வழி, இம்முறை மறுபக்கம் காட்டுகிறது.

ஆனால் அந்தப் பை, யார் கொன்றது என்று சொல்லாது. அதற்கு வேறு சான்றுகள் வேண்டும். ஒரு சான்று எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று அறிந்து அங்கேயே நிற்பதும் எங்கள் வழக்கைப் பலப்படுத்தும். அளவுக்கு மிஞ்சிச் சொன்ன ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, சரியாகச் சொன்ன பத்தையும் தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

இந்தப் பிழைகள் படிக்காதவர்களுக்கு மட்டும் வருபவை என்று நினைக்க வேண்டாம். பீற்றர் வேசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1966 இல் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். பல்கலைக்கழக மாணவர்களிலேயே சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். அதே சோதனையை எங்கள் ஊருக்கு ஏற்றபடி வைத்துப் பார்ப்போம்.

விதி இது: "ஒரு குடும்பத்துக்கு வீட்டுத்திட்டம் கொடுக்கப்பட்டிருந்தால், அவர்களிடம் காணிப் பத்திரம் இருக்க வேண்டும்." கிராம அலுவலரின் மேசையில் நான்கு கோப்புகள். ஒவ்வொன்றின் மேலட்டையிலும் ஒரு தகவல் மட்டும் தெரிகிறது. முதலாவதில் "வீடு கொடுக்கப்பட்டது". இரண்டாவதில் "வீடு கொடுக்கப்படவில்லை". மூன்றாவதில் "காணிப் பத்திரம் உண்டு". நான்காவதில் "காணிப் பத்திரம் இல்லை". விதி மீறப்பட்டதா என்று அறிய எந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டும்?

பலர் முதலாவதையும் மூன்றாவதையும் சொல்வார்கள். சரியான விடை முதலாவதும் நான்காவதும். மூன்றாவதைத் திறந்து பயனில்லை. பத்திரம் உள்ளவருக்கு வீடு கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் விதி மீறப்படவில்லை. நான்காவதில்தான் விடயம் இருக்கிறது: பத்திரம் இல்லாத யாருக்காவது வீடு போயிருக்கிறதா? கிராமத்துப் பயனாளிகள் பட்டியலில் முறைகேடு என்று சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கோப்பு அது.

அடுத்தமுறை ஒரு மேசைக்கு முன்னால் இருக்கும்போது, எதிரில் இருப்பவர் சொல்லும் முடிவை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். 'ஆல்' வசனத்தைத் தேடுங்கள். அது எந்தச் சட்டத்தில், எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அது சொன்ன திசையில்தான் முடிவு போகிறதா என்று பாருங்கள். நிபந்தனைக்குள் சொல்லாமல் விடப்பட்டது ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகு முதலில் கேட்ட கேள்விக்கு ஓர் அம்மா அழாமலும் பதில் சொல்லலாம்:

"தொடர்பு எடுக்கேலாத இடத்தில வைச்சிருந்தா அவன் எப்பிடி ஐயா எடுக்கிறது? இல்லை, உயிரோட இல்லையெண்டா, நான் ஒப்படைச்ச நாளில இருந்து என்ன நடந்ததெண்டு நீங்கள்தானே சொல்லோணும்?"

இரண்டே வசனம். இரண்டிலும் தர்க்கம் பிசகவில்லை. அழுதுகொண்டு சொன்னாலும் பிசகாது.